"வெற்றிகரமாகப் பார்க்கப்பட்டது"

(பேசிய எபிசோடின் எழுத்து வடிவம். இழுவைகளும் இருமல்களும் நீக்கப்பட்டிருக்கின்றன. பின்னணியில் வரும் டிரெய்லர் ஹாரனை நீக்க முடியவில்லை.)

இன்னைக்கு எபிசோட் ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிக்குது. செகண்ட் இயர் படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. "லினக்ஸ் கர்னலோட சோர்ஸ் கோட் பார்க்கலாம்னு கிட் க்ளோன் போட்டேன். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா பேக். காலைல பத்து மணிக்குள்ள மொத்தமும் காலி. டவுன்லோடும் முடியல. இது எனக்கான விஷயமே இல்லையோன்னு தோணுது."

இந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த எபிசோட். டேட்டா பேக் விஷயம் சின்னது, அதைப் போற போக்குல சொல்லிடறேன். நீங்க இழுத்தது கர்னலை மட்டும் இல்ல, 2005-ல இருந்து அதுல யார் என்ன மாத்தினாங்கங்கற முழு வரலாறையும். அது பல ஜிபி. க்ளோன் போடும்போது டெப்த் 1-னு சேர்த்தீங்கன்னா இன்னைய தேதிக்கு இருக்கிற கோட் மட்டும் வரும். இல்லன்னா கர்னல் டாட் ஆர்க்ல சுருக்கின ஃபைலா எடுங்க, 150 எம்பி பக்கம்தான். ஒரு சினிமாவைவிடக் கம்மி. அதுகூட வேணாம்னா பூட்லின்னு ஒரு கம்பெனி நடத்துற எலிக்சர் தளம் இருக்கு, பிரவுசர்லயே படிக்கலாம். ஒரு ஃபங்ஷன் பேரை கிளிக் பண்ணா அது எங்கெங்க வருதுன்னு காட்டும். போன்லயும் திறக்கும்.

சரி, பெரிய விஷயத்துக்கு வரேன். "எனக்கான விஷயமே இல்லையோ." இதுக்கு பதில் சொல்ல நான் ஒரு பழைய ரெக்கார்ட் நோட்டைக் காட்டணும்.

நான் பொறந்து வளர்ந்தது சாத்தாங்காடு. திருவொற்றியூர் பக்கம்னு சொன்னாத்தான் பாதிப் பேருக்குப் புரியும். இரும்பு மார்க்கெட்னு சொன்னா லாரிக்காரங்க எல்லாருக்கும் புரியும். எங்க தெருவுல எனக்கு முன்னாடி இன்ஜினியரிங் படிச்ச ஒரே ஆள் ஒரு அண்ணன். சொந்தம் இல்ல, ஆனா சொந்தத்துக்கு மேல. நான் 2014-ல காலேஜ் சேர்ந்தப்போ அவர் தன்னோட புக்கு, டிராஃப்டர், ரெக்கார்ட் நோட்டு எல்லாத்தையும் ஒரு சாக்குப் பைல கட்டிக் கொடுத்தார். ரெக்கார்ட் நோட்டு ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போறது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். பார்த்து எழுதறதுக்கு.

அவர் படிச்சது அண்ணா யுனிவர்சிட்டி 2008 ரெகுலேஷன், சிஎஸ்சி. அதுல ஏழாவது செமஸ்டர்ல ஓப்பன் சோர்ஸ் லேப்னு ஒண்ணு உண்டு. நினைச்சுப் பார்த்தா நல்ல சிலபஸ். கர்னல் டாட் ஆர்க்ல இருந்து புது கர்னலை இறக்கு, கம்பைல் பண்ணு, உன் மெஷின்ல இன்ஸ்டால் பண்ணு. அதோட கூடவே ஒரு சின்ன வரி: கர்னலோட சோர்ஸ் கோடைப் பார்க்க முயற்சி செய். அவ்வளவுதான். புரிஞ்சுக்கோன்னு சொல்லல, மாத்துன்னு சொல்லல. பார்க்க முயற்சி செய். இதை எழுதின வாத்தியார் யாருன்னு தெரியாது, ஆனா மாணவர்களை நல்லாத் தெரிஞ்ச ஆள்.

அண்ணனோட ரெக்கார்ட்ல அந்தப் பரிசோதனை அஞ்சு பக்கம். நோக்கம், வழிமுறை, கமாண்ட் எல்லாம் அழகான கையெழுத்து. கடைசில "முடிவு"ன்னு போட்டு, சோர்ஸ் கோட் வெற்றிகரமாகப் பார்க்கப்பட்டதுன்னு எழுதி, கீழ சிவப்பு மையில கையெழுத்து. தேதி 2012 செப்டம்பர்.

பிரச்சனை என்னன்னா, வழிமுறைல அவர் இறக்கினதா எழுதியிருக்கிற கர்னல் 2.6-ல ஏதோ ஒண்ணு. 2011 ஜூலையிலயே 3.0 வந்தாச்சு. அவர் எழுதின மாசம் 3.6 வந்துடுச்சு. 'லேட்டஸ்ட் கர்னல்'னு எழுதிட்டுப் பழைய நம்பரைப் போட்டிருக்கார்னா, அவரும் யாரோ சீனியர் நோட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கார். அந்த சீனியரும் அப்படித்தான் இருந்திருக்கணும். அந்த லேப்ல யாருமே அந்தக் கோடைப் பார்க்கல. நோட்டு மட்டும் வருஷா வருஷம் பார்த்துக்கிட்டே இருந்திருக்கு.

நான் இதைக் கிண்டலா சொல்லல. எனக்கும் அதே கதைதான். எங்க பேட்ச்ல ப்ளஸ் டூ முடிக்கும்போது அரசு லேப்டாப் வந்துச்சு, விலையில்லா மடிக்கணினி. திறந்தா ரெண்டு ஓஎஸ் இருக்கும். ஒண்ணு விண்டோஸ், இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியனை அடிப்படையா வச்சு நம்ம சென்னை சி-டாக்ல உருவாக்கினது. நாங்க என்ன பண்ணோம்? தெருவுல ஒரு பையன் பாஸை அழிச்சுட்டு அந்த இடத்தையும் விண்டோஸுக்குச் சேர்த்துக் கொடுப்பான், ஐம்பது ரூபா. கேம் போட இடம் வேணுமே. எந்த ஓஎஸ்ஸோட ஒவ்வொரு வரியையும் படிக்கிற உரிமை எங்களுக்கு இருந்துச்சோ, அதைக் காசு கொடுத்து அழிச்சோம். அப்போ அது தப்புன்னு சொல்ல யாரும் இல்ல. சோர்ஸ் கோட்னா என்னன்னே தெரியாதே.

இப்ப நான் வேலைல சேர்ந்த பிறகு கர்னலைப் படிக்கணும்னு ரெண்டு தடவை உக்காந்தேன். ரெண்டு தடவையும் தோத்தேன். எப்படித் தோத்தேன்னு சொல்றது உங்களுக்கு உபயோகம்.

முதல் தடவை "ஆரம்பத்துல இருந்து ஆரம்பிப்போம்"னு நினைச்சேன். கதைப் புத்தகம் மாதிரி. இனிட் ஃபோல்டர்ல மெயின் டாட் சி. அதுல ஸ்டார்ட்_கர்னல்னு ஒரு ஃபங்ஷன். சிபியு ரகத்துக்கு ஏத்த வேலைகள் முடிஞ்சதும் கர்னல் நிஜமாவே இங்கதான் கண் முழிக்குது. ஆசையாத் திறந்தேன். முதல் வேலையே ஸ்டேக்கோட ஓரத்துல ஒரு மேஜிக் நம்பரை எழுதறது. ஸ்டேக் எல்லை தாண்டி வழிஞ்சா அந்த நம்பர் அழிஞ்சுடும், அதை வச்சுக் கண்டுபிடிப்பாங்க. அந்த நம்பரை ஹெக்ஸ்ல எழுதிக் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தா 'ஸ்டேக் எண்ட்'னு இங்கிலீஷ்ல தெரியும். 5-ஐ எஸ்ஸா, 7-ஐ டியாப் படிக்கணும். இதைக் கண்டுபிடிச்ச சந்தோஷத்துல அரை நாள் ஓடிச்சு. அடுத்து ஒரு ஃபங்ஷன், அதுக்குள்ள போனா இன்னொண்ணு, அதுக்குள்ள சிபியு ரகத்துக்கு ஒரு ஃபோல்டர். மூணாவது நாள் லேப்டாப்பை மூடிட்டேன். ஸ்டார்ட்_கர்னல் கதையோட முதல் அத்தியாயம் மாதிரி இல்ல. கல்யாண மண்டபத்துல காலைல நாலு மணிக்கு விளக்கு போடறது, தண்ணி வருதான்னு பார்க்கறது, ஜெனரேட்டர்காரனுக்கு போன் பண்றது, அந்த மாதிரி. எல்லாரும் எல்லாத்தையும் தயார் பண்றாங்க. யாரு மாப்பிள்ளைன்னு தெரியாது.

ஆனா ஒண்ணு சொல்லணும். அதே ஃபைலோட கடைசிக்குப் போங்க. எல்லாம் தயாரானதும் கர்னல் முதல் புரோகிராமைத் தேடும். நீங்க தனியா எதுவும் சொல்லலன்னா முதல்ல எஸ்பின் ஃபோல்டர்ல இனிட் இருக்கான்னு பார்க்கும். இல்லன்னா இடிசி-ல. இல்லன்னா பின்-ல. அங்கயும் இல்லன்னா சரி, ஒரு ஷெல்லாவது கொடுன்னு கேக்கும். அதுவும் இல்லன்னா பேனிக். ஓடற இனிட் எதுவும் கிடைக்கலன்னு சொல்லிட்டு நின்னுடும். இந்த நாலு வரியை சி தெரிஞ்ச யார் வேணா படிக்கலாம். இவ்வளவு பெரிய விஷயம் இப்படி வாசல் வாசலா வேலை கேட்டுப் போகுதேன்னு எனக்கு அன்னைக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

ரெண்டாவது தடவை புத்தகம். சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட்ல 'அண்டர்ஸ்டேண்டிங் த லினக்ஸ் கர்னல்' பழைய பிரதி கிடைச்சது. மூணாவது பதிப்பு, 2005. அருமையான புத்தகம், ஆனா அது சொல்றது 2.6.11 கர்னலை. நான் திறந்து வச்சிருந்தது 5-ல ஏதோ. புத்தகத்துல இருக்கிற ஃபங்ஷன் என்கிட்ட இல்ல, என்கிட்ட இருக்கிறது புத்தகத்துல இல்ல. பழைய மெட்ராஸ் மேப்பை வச்சுக்கிட்டு விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷனைத் தேடின கதை.

இங்க ஒரு சின்ன வரலாறு. நம்ம ரெக்கார்ட் நோட்டு விஷயத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒண்ணு நடந்திருக்கு. 1970-கள்ல ஆஸ்திரேலியால நியூ சவுத் வேல்ஸ் யுனிவர்சிட்டில ஜான் லயன்ஸ்னு ஒரு வாத்தியார். யூனிக்ஸ் ஆறாவது பதிப்போட கர்னல் சோர்ஸை அப்படியே அச்சடிச்சு, கூடவே விளக்கம் எழுதி மாணவர்களுக்குக் கொடுத்தார். மொத்தமே பத்தாயிரம் வரிக்குள்ள. ஒரு மனுஷன் முழுசாப் படிச்சு முடிக்கக்கூடிய ஓஎஸ். அப்புறம் ஏழாவது பதிப்புல ஏடி அண்ட் டி அந்தக் கோடை வகுப்புல வச்சுப் பாடம் நடத்தக் கூடாதுன்னுட்டாங்க. லயன்ஸ் புத்தகத்தையும் வெளிப்படையா அச்சிட முடியல. என்ன ஆச்சு? உலகம் பூரா ஜெராக்ஸ். ஜெராக்ஸோட ஜெராக்ஸ். எழுத்தே தெரியாத அளவுக்கு மங்கின பிரதிகளை வச்சுக்கிட்டு ஒரு தலைமுறையே கர்னல் படிச்சுது. 1996-லதான் அது முறையாப் புத்தகமா வந்துச்சு. அவங்க படிக்கறதுக்காகத் திருட்டுத்தனமாக் காப்பி அடிச்சாங்க. நாம... சரி விடுங்க.

அந்தக் கோடுல ஒரு பிரபலமான கமெண்ட் உண்டு. ஒரு புராசஸ்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறுற இடத்துல, இது உனக்குப் புரியும்னு யாரும் எதிர்பார்க்கலங்கற அர்த்தத்துல ஒரு வரி. நிறைய பேர் அதைத் திமிர்னு எடுத்துக்கிட்டாங்க. டென்னிஸ் ரிச்சி பின்னாடி விளக்கம் கொடுத்தார். இது பரீட்சைக்கு வராதுங்கற மாதிரி எழுதினதுதானாம். அதோட நிறுத்தல, உண்மைல எங்களுக்கே அந்த இடம் சரியாப் புரியலன்னும் ஒத்துக்கிட்டார். எழுதின ஆளுக்கே புரியல. மெயில் போட்ட தங்கச்சி, இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பாடம் நடத்தறதுக்கு இருந்த அந்தத் தடையாலதான் டானன்பாம் 1987-ல மினிக்ஸ் எழுதினார். அதை வச்சுக் கத்துக்கிட்ட ஹெல்சின்கி மாணவன் 1991-ல லினக்ஸ் வெளியிட்டான். முதல் வெளியீடு பத்தாயிரம் வரி பக்கம். இன்னைக்கு மூணு கோடிக்கும் மேல.

இந்த மூணு கோடிங்கற நம்பர்தான் எல்லாரையும் பயமுறுத்துது. அதைக் கொஞ்சம் உடைச்சுப் பாருங்க. பாதிக்கு மேல டிரைவர்ஸ் ஃபோல்டர். அதுலயும் ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டோட டிரைவர் மட்டுமே லட்சக்கணக்கான வரி. அதுல பெரும்பங்கு மெஷின் எழுதின ஹெடர் ஃபைல், மனுஷன் படிக்கறதுக்கே இல்ல. உங்க லேப்டாப்ல ஓடறது இந்தக் கடல்ல ஒரு சொம்பு. மூணு கோடியையும் படிச்சவர் யாரும் கிடையாது, லைனஸ் டோர்வால்ட்ஸ் உட்பட. மெயின்டெய்னர்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கு, எந்த மூலைக்கு யார் பொறுப்புன்னு அதுல பட்டியல் போட்டிருக்காங்க. எங்க இரும்பு மார்க்கெட்லயும் அப்படித்தான். காயில் வெட்டற ஷெட்காரனுக்கு முறுக்குக் கம்பி கணக்கு தெரியாது. மார்க்கெட் ஓடுதா இல்லையா?

இப்ப அண்ணன்கிட்ட திரும்ப வரேன். அவர் படிப்பு முடிச்சதும் ஒரு இன்டர்வியூ போனார். ரெஸ்யூம்ல 'லினக்ஸ் கர்னல் கம்பைலேஷன்'னு போட்டிருந்தார், லேப்ல இருந்ததால. எதிர்ல இருந்தவர் ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாராம், "சோர்ஸ் பார்த்திருக்கீங்களா? நல்லது. உள்ள என்ன பார்த்தீங்க?" அண்ணனுக்கு வாய் வரல. இதை அவர் என்கிட்ட சொன்னது போன வருஷம்தான், பன்னெண்டு வருஷம் கழிச்சு. அந்த ஒரு கேள்வியாலதான் வேலை போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவர் அப்படித்தான் நினைக்கிறார். அதுக்கப்புறம் ஐடி பக்கம் முயற்சியே பண்ணல. இப்ப சாத்தாங்காட்டுல ஒரு எடை மேடைல கணக்கு பார்க்கிறார். லோடு வண்டி ஏறும், திரைல எடை வரும், சீட்டு அடிச்சுக் கொடுக்கணும்.

இந்த பாட்காஸ்ட்ல நான் லினக்ஸ் பத்திப் பேசின ஒரு எபிசோடைக் கேட்டுட்டு அவர் போன் பண்ணார். "இன்னாபா, எனக்கு ஒரு வாட்டி காட்டேன். சும்மா பாக்கறதுக்கு."

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வண்டி கம்மி. எடை மேடை ரூம்ல உக்காந்தோம். நான் லேப்டாப் திறந்து, பழைய தப்பைப் பண்ணாம, ஸ்டார்ட்_கர்னல் பக்கமே போகல. என்ன காட்டலாம்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே கரண்ட் போச்சு. அங்க அது செய்தியே இல்ல. திரைல பேட்டரி 64 சதவீதம்னு காட்டிச்சு. அண்ணன் கேட்டார், "இந்த 64-ஐ யார் சொல்றா?"

அதைவிட நல்ல கேள்வி எனக்கு எந்தப் புத்தகமும் கொடுக்கல.

தேடினோம். லினக்ஸ்ல சிஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள கிளாஸ், அதுக்குள்ள பவர் சப்ளை, அதுக்குள்ள பேட்டரியோட பேர், அதுல கெபாசிட்டின்னு ஒரு ஃபைல். கேட் கமாண்ட் போட்டா 64-னு வருது. (கமாண்டை வாயால சொல்றது கொடுமை, எழுத்து வடிவத்துல படிக்கிறவங்க மன்னிக்கணும்.) நிஜத்துல அது டிஸ்க்ல இருக்கிற ஃபைல் இல்ல. நாம படிக்கும்போது கர்னல் அந்த நொடில கணக்குப் போட்டுக் கொடுக்குது. அப்போ கணக்குப் போடற இடம் கோடுல எங்கயோ இருக்கணும். கிட் க்ரெப்ல பேட்டரின்னு தேடினா ஏகப்பட்டது வந்துச்சு. கொஞ்சம் சலிச்சதும் மாட்டிச்சு. டிரைவர்ஸ், அதுக்குள்ள ஏசிபிஐ, அதுக்குள்ள பேட்டரி டாட் சி. ஆயிரத்து சொச்சம் வரி. மூணு கோடில ஆயிரம்.

உள்ள ஒரு பெரிய ஸ்விட்ச் கேஸ். அண்ணன் பன்னெண்டு வருஷமா சி தொடல. ஆனா ஸ்விட்ச் கேஸைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு. "இது தெரியும்பா எனக்கு." கெபாசிட்டின்னு ஒரு கேஸ். இப்ப இருக்கிற சார்ஜ், பெருக்கல் நூறு, வகுத்தல் முழு சார்ஜ். அஞ்சாங்கிளாஸ் சதவீதக் கணக்கு. அதுக்கு மேல ஒரு இஃப். பேட்டரி எண்ணைச் சரியா சொல்லலன்னாலோ, முழு சார்ஜ் எவ்வளவுன்னு தெரியலன்னாலோ, கணக்குப் போடாதே, பிழைன்னு திருப்பி அனுப்பு.

"அவ்ளோதானா?"ன்னார். அவ்ளோதாண்ணே.

அப்பதான் ஒரு டிரெய்லர் வந்து ஹாரன் அடிச்சுது. யுபிஎஸ்ல எடை மேடை ஓடுது. காயில் லோடு, 38 டன் சொச்சம். சீட்டு அடிச்சுக் கொடுத்துட்டு வந்து உக்காந்தார். அதுக்குள்ள நான் ஃபைலோட மேல் பக்கம் உருட்டி ஒரு நீளமான கமெண்ட்டைப் படிச்சுக்கிட்டு இருந்தேன். அதைத் தமிழ்ல சொன்னேன். 2010, 2011-ல வந்த சில லெனோவோ திங்க்பேட் மாடல்கள்ல ஒரு கோளாறு. சார்ஜர்ல ஓடுதா பேட்டரில ஓடுதாங்கறதைப் பொறுத்து, சார்ஜைச் சொல்ற அலகே மாறிடும். ஒரு நேரம் மில்லிவாட் ஹவர், ஒரு நேரம் மில்லிஆம்ப் ஹவர். ரெண்டாவது அலகுல வர்ற எண்கள் பெரும்பாலும் தப்பு. அதனால 10,000-ஐ டிசைன் வோல்டேஜால வகுத்து அதால பெருக்கிச் சரி பண்ணிக்கணும். எந்தெந்த மாடல்ல சோதிச்சுப் பார்த்தோம்னும் எழுதியிருக்கு: எக்ஸ்201, டி410, டி410எஸ், எக்ஸ்220.

அண்ணன் சிரிச்சார். சிரிச்சு அடங்க ஒரு நிமிஷம் ஆச்சு. "டேய், இது எடை மேடைப் பிரச்சனைடா! ஒரு வண்டி கிலோல சொல்லும், ஒரு வண்டி டன்னுல சொல்லும், பில் போடறவன் எதுன்னு பாக்காம போட்டா செத்தான்." அப்புறம் அவரே கீழ இறங்கித் தேட ஆரம்பிச்சார். அந்தத் திருத்தம் எங்க போடறாங்க, எல்லா லேப்டாப்புக்கும் போடறாங்களா, லெனோவோவான்னு முதல்ல பார்க்கறாங்களான்னு. பார்க்கறாங்க. தயாரிப்பாளர் பேரைக் கேட்டுட்டுத்தான் உள்ள போகுது. "கரெக்ட். வண்டி நம்பர் பாக்காம கழிவு போடக் கூடாது."

நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கறவன். அந்த கமெண்ட்டை நான் படிச்சப்போ எனக்குத் தெரிஞ்சது ஒரு விசித்திரமான பக். அவருக்குத் தெரிஞ்சது தினமும் பார்க்கிற வேலை. அலகு தப்பா வந்தா யாருக்கு நஷ்டம், அதைக் கண்டுபிடிக்க எத்தனை வண்டி வெயிட் பண்ணணும், எல்லாம் அவருக்குத் தெரியும். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வர்ற வழில எனக்குக் கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு.

இதை யார் எழுதினதுன்னு கேட்டார். கிட் ப்ளேம் போட்டா வரிக்கு வரி எழுதின ஆளோட பேரும் தேதியும் வரும்னு பெருமையா சொல்லிட்டுப் போட்டேன். எல்லா வரிக்கும் ஒரே பேர், ஒரே தேதி. நான் டெப்த் 1 போட்டுத்தான் இழுத்திருந்தேன், வரலாறு வரவே இல்ல. மெயில் போட்ட தங்கச்சிக்கு நான் சொன்ன அதே யோசனை என் காலை வாரி விட்டுச்சு. அப்புறம் போன் நெட்ல ஆன்லைன்ல பார்த்தோம். அதனால கணக்கு இதுதான்: படிக்க மட்டும்னா டெப்த் 1 போதும். ஏன், யார், எப்போன்னு கேக்க ஆரம்பிச்சா முழு வரலாறு வேணும். அதுக்கு காலேஜ் வைஃபையைப் பிடிங்க.

அதுக்கப்புறம் நாலு ஞாயிறு உக்காந்திருக்கோம். ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு கேள்வி. கேப்ஸ் லாக் லைட்டை யார் எரிய வைக்கிறா? பென்டிரைவ் செருகினதும் மெசேஜ் எங்க இருந்து வருது? ரெண்டாவதுல பாதிலயே தொலைஞ்சோம், இன்னும் வெளிய வரல. பரவாயில்ல. பூரா ஓஎஸ்ஸும் ஒரே தலைக்குள்ள நிக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு எம்ஐடி-ல பாடத்துக்குன்னே எழுதின எக்ஸ்வி6 இருக்கு. லயன்ஸ் விளக்கம் எழுதின அதே ஆறாவது பதிப்பு யூனிக்ஸோட புது வடிவம், சில ஆயிரம் வரி. கூடவே நூறு பக்கம் பக்கமா ஒரு புத்தகம், இலவசம். கியூஎமுல ஓட்டலாம், உங்க லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகாது. அதுல கேட் கமாண்ட்டோட முழு சோர்ஸும் ஒரு திரைல அடங்கிடும். ஐஐடி மெட்ராஸ்ல செஸ்டர் ரெபேரோ எடுத்த என்பிடிஇஎல் பாடம் எக்ஸ்வி6-ஐ வச்சுத்தான் நடக்குது. தமிழ்ல லினக்ஸ் அடிப்படை வேணும்னா கணியம் தளத்துல 2012-ல இருந்து கட்டுரைகள் இருக்கு. நான் அண்ணனுக்கு எக்ஸ்வி6 சொன்னேன். அவர் வேணாம்னுட்டார். "அது பாடத்துக்குப் பண்ண வண்டி. எனக்கு ரோட்ல ஓடற வண்டி காட்டு."

போன ஞாயிறு அவர் கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. எடை மேடைக்கு அடில லோடு செல்கள் இருக்கும். அதுல இருந்து வயர் ஒரு சின்ன டப்பாவுக்கு வரும், இண்டிகேட்டர்னு சொல்வாங்க. அந்த டப்பாதான் எடையைக் கணக்குப் போட்டு சீரியல் போர்ட் வழியா கம்ப்யூட்டருக்கு அனுப்பும். தினமும் அந்த எண்ணை நம்பித்தான் இரும்பு கை மாறுது. வருஷா வருஷம் தொழிலாளர் துறைல இருந்து வந்து, தெரிஞ்ச எடையை மேல ஏத்திச் சோதிச்சு முத்திரை வைப்பாங்க. சரியா இருக்கான்னு பார்க்க அது நல்ல முறைதான்.

அண்ணன் அந்த டப்பாவைத் தட்டிக்கிட்டே கேட்டார். "இதோட பேட்டரி டாட் சி எங்கபா இருக்கு? இதை எங்க போய் பாக்கறது?"

இதைப் பார்க்க முடியாதுண்ணேன்னேன். கம்பெனிக்காரங்க கொடுக்க மாட்டாங்க.

"ஏன்?"

ஹாரன் சத்தம் கேட்டுச்சு. வண்டி வந்துடுச்சு, அவர் எழுந்து போயிட்டார்.

உங்க லேப்டாப்ல லினக்ஸ் இருந்தா அந்தக் கெபாசிட்டி ஃபைலைத் திறந்து பாருங்க. சார்ஜரைப் பிடுங்கிட்டு, பக்கத்துலயே இருக்கிற ஸ்டேட்டஸ் ஃபைலைப் பாருங்க. என்ன வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க, அண்ணன்கிட்டயும் படிச்சுக் காட்டறேன். அடுத்த எபிசோட் ரெண்டு வாரத்துல. வரேன் மக்களே.